தம்பியைக் கேட்ட நாடு

பெண் கேட்டு வருவதுபோல ஒரு நாடு என் தம்பியைக் கேட்டு எழுதியிருந்தது. பெண் கேட்டு வருகிறவர்களாவது முதலில் யாரிடமாவது சொல்லி அனுப்பி நம் மனசைத் தெரிந்துகொள்வார்கள். இவர்கள் தங்கள் அமைச்சகத்துக்குச் சொல்லி, அது டெல்லியில் நம் அமைச்சகத்துக்குச் சொல்லி, அங்கிருந்து நீதிமன்றத்துக்குப் போய்ப் பிடிவாரண்டாகி, கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்கள். எங்களுக்குத் தெரியவந்தபோது பேச்சுவார்த்தை எல்லாம் முடிந்திருந்தது.

எந்த நாடு என்று எழுதப் போவதில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது, பெயர் எதுவும் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். குளிர் அதிகம், ஆங்கிலம் பேசுவார்கள், என் தம்பி அங்கே ஒரு ரொட்டி கம்பெனியின் டெலிவரி வேனில் வேலை பார்த்தான். இந்தக் கதைக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

வீட்டில் நான்கு பேர். அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. நானும் ஆசிரியை, பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நேரில் சொல்லாததை இங்கேயும் சொல்லப் போவதில்லை. பிறகு தம்பி, அவன் மனைவி. அப்பா இறந்துவிட்டார். அவர் அடக்கத்துக்குத்தான் தம்பி அவசரமாக டிக்கெட் போட்டு வந்தான். வந்தவன் திரும்பிப் போகவில்லை.

உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு ஒரு மத்தியானம், அம்மா கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தம்பி அவள் எதிரில் வந்து உட்கார்ந்து சொன்னான்.

"அங்க ஒரு ஆக்ஸிடென்ட் ஆயிடுச்சும்மா. வேன்ல நானும் என் ரூம்ல இருந்த பையனும் போயிட்டிருந்தோம். சைக்கிள்ல வந்த ஒரு பெரியவர் இறந்துட்டார். போலீஸ் விசாரிச்சாங்க, மறுபடி கூப்பிடுவோம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதுக்குள்ள அப்பா விஷயம் வந்துடுச்சு."

அம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "பாவம்" என்றாள். செத்தவரைச் சொன்னாளா, மகனைச் சொன்னாளா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சாயங்காலத்துக்குத் தோசை ஊத்தவா, சப்பாத்தி போடவா?" என்று கேட்டாள். தம்பி தோசை என்றான். நான் பக்கத்து அறையில் கதவோரமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் என் காதில் விழுந்தது. நானும் வெளியே வந்து எதுவும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் அப்படித்தான். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, எங்கள் சபையிலும் அதுதான் வழக்கம். புதன்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டெல்லாம் முடிந்ததும் விண்ணப்பம் சொல்லச் சொல்வார்கள். மகனுக்கு வேலை, மருமகளுக்குப் பிரசவம், முட்டி வலி என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். நடுவில் யாராவது ஒருத்தர், "வெளியே சொல்ல முடியாத விண்ணப்பம் ஒன்னு இருக்கு" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொள்வார். உடனே எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வோம். என்ன என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை, அதுதான் அன்பு என்று சின்ன வயதிலிருந்தே பழகியிருக்கிறோம். ஆண்டவருக்குத் தெரியும், நமக்கு எதற்கு? ஜெபம் முடிந்ததும் டீயும் சமோசாவும் வரும். தம்பி வந்த பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் அம்மா அந்த விண்ணப்பத்தைச் சொன்னாள். யாரும் அவளைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அம்மா அதன் பிறகு அவர்கள் வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டாள்.

தம்பிக்குக் கீழ்க்கட்டளையில் ஏ.சி. உதிரிபாகம் விற்கிற கடையில் கணக்குப் பார்க்கிற வேலை கிடைத்தது. வெளிநாடு போவதற்கு முன்னால் ஊரில் அவன் ஓட்டாத வண்டி கிடையாது. வந்த பிறகு ஸ்டியரிங்கையோ ஹேண்டில்பாரையோ தொடவில்லை. பஸ்ஸில் போனான், ஷேர் ஆட்டோவில் போனான். கல்யாணம் ஆனதும் அவன் மனைவி ஸ்கூட்டர் ஓட்ட, இவன் பின்னால் மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து போனான். கேம்ப் ரோட்டில் அப்படிப் போகிற ஆணை ஊர் சும்மா விடுமா? கடைப் பையன்கள் கேலி செய்தார்கள். இவனும் சிரித்துக்கொள்வான். நாங்கள் சிரிக்கவில்லை. பார்த்தோம், புரிந்துகொண்டோம், புரிந்ததாக நினைத்துக்கொண்டோம். நிச்சயதார்த்தத்துக்கு முன்னாலேயே அந்தப் பெண்ணிடம் அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னான். எங்களிடம் சொன்ன அதே நான்கு வரிதான். அவளும் எங்களைப் போலவே "சரி" என்றிருக்கிறாள். நல்ல பொருத்தம் என்று அம்மா சொன்னாள்.

ஒரு நாள் காலை ஜீப் வந்தது. உள்ளூர் எஸ்.ஐ.யோடு டெல்லியிலிருந்து வந்த இரண்டு பேர். சத்தம் போடவில்லை, அதட்டவில்லை. "சார், காபி குடிச்சிட்டு வாங்க, அவசரம் இல்ல" என்று எஸ்.ஐ. சொன்னார். தம்பி உண்மையாகவே உட்கார்ந்து காபி குடித்தான். அவன் மனைவி பையில் இரண்டு சட்டையும் சோப்பும் வைத்தாள். அம்மா ஒரு ஸ்வெட்டரைத் தேடினாள், டெல்லியில் குளிருமே என்று. வந்தவர்களில் ஒருவர் அந்த மாதத்தில் அங்கே குளிராது என்று ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னார். தாம்பரம் கோர்ட்டில் காட்டிவிட்டுக் கூட்டிப் போனார்கள்.

தண்ணி கேன் போடுகிறவர் கேட்டில் நின்று, "இன்னா டீச்சர், காலைலயே ஜீப்பு வந்துகினு போவுது, ஒண்ணும் பேஜார் இல்லியே?" என்றார். இத்தனை நாளில் நேராகக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன் என்றேன். பிறகு பள்ளிக்கூடம் போனேன். இரண்டாவது பீரியடில் உலகப் போர் நடத்தினேன். ஒரு பிள்ளைக்கும் சந்தேகம் வராதபடி நடத்தினேன். மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டேன். எனக்கு அழுகை வரும் என்று நானே காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. உடம்பில் ஊசி போட்டு மரத்துப்போன இடத்தை விரலால் அழுத்திப் பார்ப்பதுபோல அன்றைக்கு முழுக்க என்னை நானே அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில வாரம் அவன் டெல்லிச் சிறையில் இருந்தான். பிறகு ஜாமீன் கிடைத்தது. வீட்டில் இருக்கலாம், வாரம் ஒருமுறை நம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், கூப்பிடும்போது டெல்லி போக வேண்டும்.

வக்கீல் குரோம்பேட்டையில் ஒரு ஸ்டேஷனரிக் கடையின் மாடியில் இருந்தார். டெல்லியில் வாதாடுவதும் அவர்தான். நல்ல மனிதர், ஆனால் எல்லாவற்றையும் முதல் வரிசை மாணவனுக்குச் சொல்வதுபோலச் சொல்வார். நான் வழக்கமாகக் கரும்பலகைப் பக்கம் நிற்கிறவள். பெஞ்சில் உட்கார்ந்து கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை.

"மேடம், முதல்ல ஒன்னு புரிஞ்சுக்கங்க. இது கேஸ் இல்ல. எக்ஸ்ட்ரடிஷன் விசாரணை. ஒப்படைக்கலாமா வேண்டாமான்னு பாக்கிறது, அவ்வளவுதான்."

மேஜைமேல் அந்த நாட்டிலிருந்து வந்த காகிதங்களின் நகல் இருந்தது. அசலைச் சிவப்பு ரிப்பன் போட்டுக் கட்டி முத்திரை வைத்து அனுப்பியிருந்தார்களாம். நகலில் ரிப்பன் கறுப்பாக விழுந்திருந்தது. கிறிஸ்துமஸ் கேக் டப்பாவைக் கட்டியிருப்பதுபோல இருக்கிறது என்று அம்மா சொன்னாள்.

"மாஜிஸ்திரேட் மூணு விஷயம்தான் பாப்பார்" என்றார் வக்கீல். "அவங்க கேக்கிற ஆள் இவர்தானா? செஞ்சதாச் சொல்ற விஷயம் அங்கயும் குற்றமா, இங்கயும் குற்றமா? அங்க ஒரு வழக்கு நடத்துற அளவுக்குப் பேப்பர்ல சாட்சியம் இருக்கா? இருந்தா, ஒப்படைக்கலாம்னு அரசாங்கத்துக்கு எழுதுவார். அனுப்புறதா வேண்டாமான்னு அரசாங்கம் முடிவு பண்ணும்."

"அரசியல் குற்றமா இருந்தா அனுப்ப மாட்டாங்களாமே" என்று அம்மா கேட்டாள். யாரோ அவளுக்குப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"உண்மைதான்மா. ஆனா இவர் கேஸ் அப்படி இல்லையே."

"ஆமா, இவன் ஓட்டுகூடப் போட்டதில்ல" என்றாள் அம்மா வருத்தமாக.

நான் கேட்டேன்: "அவன் செஞ்சானா இல்லையாங்கிறதை எப்போ கேப்பாங்க?"

"அது இங்க கேள்வியே இல்ல மேடம். கேக்கவும் மாட்டாங்க, சொன்னாலும் எடுத்துக்க மாட்டாங்க. அது அந்த ஊர் கோர்ட்டோட வேலை."

அம்மா பெரிதாக மூச்சு விட்டாள். "அப்போ நல்லது" என்றாள். வக்கீலுக்கு அது எப்படி நல்லது என்று புரியவில்லை. எங்கள் சபையில் வளராதவருக்கு அது புரியாது. தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு எக்ஸ்ட்ரடிஷன் என்ற சொல்லை விளக்குவது என் வேலையாகிவிட்டது. செய்தித்தாளில் ஒரு மூலையில் நான்கு வரி வந்தது. தாம்பரம் வாலிபரை நாடு கடத்த நடவடிக்கை என்று போட்டிருந்தார்கள். ஸ்டாஃப் ரூமில் தமிழாசிரியை அதைப் படித்துவிட்டு என்னைப் பார்க்காமல், "நாடு கடத்துறதுன்னா டிபோர்ட்டேஷன்தானே?" என்று பொதுவாகக் கேட்டார். நான் விடவில்லை. இல்லை டீச்சர், ஒரு வெளிநாட்டுக்காரன் இங்கே விசா இல்லாமல் இருந்தால் அவனை வெளியே அனுப்புவது நாடு கடத்துவது. அதில் யாரும் அவனைக் கேட்டிருக்க வேண்டியதில்லை, நமக்கு வேண்டாம், அவ்வளவுதான். இது வேறு. இன்னொரு நாடு ஒரு வழக்கைச் சொல்லி, ஒப்பந்தத்தைக் காட்டி, இந்த ஆள் எங்களுக்கு வேண்டும் என்று கேட்கும். நாம் சொந்தக் குடிமகனைக்கூடப் பிடித்துக் கொடுக்கலாம். கொடுத்தால் கேட்ட அந்தக் குற்றத்துக்காக மட்டும்தான் அவனை விசாரிக்கலாம், கூட்டிப் போய்விட்டு வேறு எதையும் அவன் தலையில் கட்டக் கூடாது. தமிழில் ஒப்படைப்பு என்று எழுதுவதுதான் சரி. நாம் பிள்ளைகளுக்கு எழுதி வரக் கொடுக்கும் அசைன்மென்டுக்கும் அதே பெயர்தான், என்ன செய்வது.

இதையெல்லாம் சொல்லி முடிக்கிறவரை என் குரல் மாறவில்லை. டீ ஆறிப்போயிருந்தது. என் தம்பியைப் பற்றிப் பேசுகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் காட்டிக்கொள்ளவில்லை. ஒருவர் மட்டும் பிஸ்கட் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்.

டெல்லிக்கு நானும் தம்பியும் போனோம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து சாலையைக் கடந்து சென்ட்ரல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் நெருங்கிப் போகும்போது யாரோ தீபாவளிக்கு ஊர் போகிறவர்கள்போல நடந்தோம். அம்மா கட்டிக் கொடுத்த இட்லியைச் சாப்பிட்டோம். எதிர் சீட்டில் இருந்தவர் டெல்லியில் என்ன வேலை என்று கேட்டார். ஒரு இன்டர்வியூ என்று தம்பி சொன்னான். அவர் வாழ்த்துச் சொன்னார். தம்பி நன்றி சொன்னான்.

நீதிமன்றத்தில் நாங்கள் பின்வரிசையில் காத்திருந்தோம். டவாலி வாசலில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டார். அது அப்பாவின் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருந்தோம். அந்த நாட்டுக்காரர்களுக்கு அதுதான் ஆளின் பெயர். காகிதம் முழுக்க அப்பா பெயரைச் சொல்லியே எழுதியிருந்தார்கள். அப்பா பெயர் வேனில் போயிருந்தது, அப்பா பெயர் தப்பி ஓடியிருந்தது. வாழ்நாளெல்லாம் சிவப்பு விளக்கில் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற மனிதர் அவர். தம்பி எழுந்து, "நான்தான்" என்று கையைத் தூக்கினான்.

அரசுத் தரப்பு வக்கீல் காகிதங்களைப் புரட்டிப் பேசினார். எங்கள் வக்கீலும் பேசினார். அந்த நாட்டின் சட்டப் பிரிவுக்கு இங்கே எந்தப் பிரிவு பொருந்தும் என்று ரொம்ப நேரம் பேசினார்கள். செத்துப்போன பெரியவர் வேகமாக ஒரு வாக்கியத்தில் வந்து போனார். திடீரென்று தம்பி எழுந்து நின்றான். "சார், அன்னிக்கு வேன்ல" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். மாஜிஸ்திரேட் கையைக் காட்டினார். கோபமாக இல்லை. அதெல்லாம் இந்தக் கட்டத்தில் நான் கேட்க முடியாது, உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள் என்றார். வக்கீல் தம்பியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அடுத்த தேதி கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் தம்பி பக்கவாட்டு சீட்டில் என் எதிரில் உட்கார்ந்திருந்தான். வெளியே வயல் போய்க்கொண்டிருந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கோர்ட்டில் நிறுத்திய வாக்கியம் இன்னும் அவன் வாயில்தான் இருந்தது, அது எனக்குத் தெரிந்தது. "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றான். கொஞ்ச நேரம் கழித்து மேலே ஏறிப் படுத்துக்கொண்டான்.

அடுத்த முறை குரோம்பேட்டைக்குப் போனபோது வக்கீல் தெம்பாக இருந்தார். இழுக்கலாம் என்றார். இங்கே சாதகமாக வராவிட்டால் ஹைகோர்ட், அதற்கு மேலும் போகலாம். காகிதத்தில் சில ஓட்டைகள் இருக்கின்றன. வருஷக்கணக்கில் இழுத்தால் அவர்களே சலித்துப் போவார்கள். அம்மா வீட்டுக்கு வந்ததும் முழங்கால் போட்டு ஜெபம் செய்தாள். இழுத்தால் போதும் என்று ஆண்டவரிடமும் கேட்டாள். அந்த வாரம் மீன் குழம்பு வைத்தாள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குத் தானே போய் ஒரு செம்பருத்திச் செடி வாங்கி வந்து வைத்தாள். வீட்டில் கொஞ்சம் வெளிச்சம் வந்ததுபோல இருந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது வக்கீல் கூப்பிட்டார். "மேடம், உங்க தம்பி வந்திருந்தார். விசாரணையே வேண்டாமாம். சம்மதிச்சுப் போறேங்கிறார். அப்படிச் சட்டத்துல இடம் இருக்கு, நான் இல்லேங்கலை. ஆனா நல்லா யோசிச்சீங்களா?"

யோசிக்க, எனக்கு இது தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்து அவன் மனைவியைக் கேட்டேன். அவள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "எங்கிட்டயும் சொன்னார்க்கா. போயிட்டு வரேன்னார். நான் அழுதேன், ஏன்னு கேக்கலை" என்றாள். கிளிப்பை மாட்ட முடியாமல் கீழே போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நால்வரும் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா அதுவரை அவனிடம் பேசாமல் இருந்தாள். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"இழுக்கலாம்னு வக்கீல் சொல்றாரே. யாரும் போன்னு சொல்லலையே. நீ எதுக்குடா நீயாப் போய் மாட்டிக்கிறே?"

"அங்க போனாக் கேப்பாங்கம்மா."

"என்ன கேப்பாங்க?"

"நான்தான் ஓட்டினேனான்னு கேப்பாங்க."

அம்மா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "அதை நாங்க எதுக்குடா கேக்கணும்? நீ எப்படி இருந்தாலும் எங்க புள்ள. உன்ன ஒரு வார்த்தை கேட்டிருப்போமா? ஒரு நாளாவது உன் மனசு நோக விட்டிருப்போமா?"

"அதான்மா" என்றான் தம்பி. குரல் உயரவில்லை. "கேக்காமலே எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்க. வண்டி ஓட்டாம இருந்தேன், அதையும் பாத்துப் பாத்து முடிவு பண்ணிக்கிட்டீங்க. கோர்ட்லயாவது சொல்லலாம்னு எழுந்தேன், அவங்களும் கேக்க மாட்டோம்னுட்டாங்க. கேக்கிற ஒரே இடம் அதுதான் இருக்கு."

நாங்கள் மூன்று பேரும் அவனை அன்பாகத்தான் பார்த்தோம். அது எனக்கு உறுதியாகத் தெரியும். அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், வாய்க்கு எட்டின தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவன் அப்படிச் சொன்ன பிறகு கேட்பது, பிச்சை போடுவதுபோல ஆகிவிடும் என்று தோன்றியது. அம்மா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். அவன் போதும் என்று கையைக் காட்டிவிட்டு, பிறகு அதையும் சாப்பிட்டான்.

டெல்லியில் அவன் சம்மதம் சொன்ன அன்றைக்கு மட்டும் மாஜிஸ்திரேட் அவனிடம் நேராகப் பேசினார். யாராவது மிரட்டினார்களா, இதன் விளைவு புரிகிறதா, சொந்த விருப்பத்தோடுதான் சம்மதிக்கிறீர்களா என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவன் தெளிவாகப் பதில் சொன்னான். அவ்வளவு நிமிர்ந்து அவன் நின்று நான் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. கேள்வி கேட்டால் மனிதன் இப்படி நிற்பானா என்று நினைத்தேன். அரசாங்கத்தின் உத்தரவு வரும்வரை மறுபடி சிறை. பிறகு அந்த நாட்டு அதிகாரிகள் இரண்டு பேர் விமானத்தில் வந்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். விமான நிலையத்துக்குள் எங்களை விடவில்லை. அவன் மனைவியால் ஸ்வெட்டரைக் கொடுத்துவிட முடிந்தது, அதுவும் வக்கீல் வழியாக.

அதன் பிறகு வீட்டில் எதுவும் நடக்கவில்லை. காலையில் எழுந்தோம், சமைத்தோம், வேலைக்குப் போனோம். அவன் மனைவி ஸ்கூட்டரில் தனியாகப் போனாள். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் அம்மா விண்ணப்பம் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான் விடைத்தாள் திருத்தினேன். யாராவது என்னைக் கிள்ளினால்கூட ஒரு நாள் கழித்துத்தான் வலித்திருக்கும்.

போன வாரம் ஒரு மத்தியானம் அவன் கூப்பிட்டான். சிறையில் சில நிமிஷம் பேச விடுகிறார்களாம். அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். போன் என் கையில் இருந்தது, அம்மா என் தோளை ஒட்டி நின்றாள். குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் நல்லா இருக்கு என்றான். பிறகு அவனே சொன்னான்.

"நேத்து கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எழுந்து நிக்கச் சொல்லி, நீ இதைச் செஞ்சியா இல்லையான்னு கேட்டாங்கக்கா."

"என்ன சொன்னே?" என்றேன். எனக்குத் தெரியாமலே கேட்டுவிட்டேன்.

"இல்லன்னு சொன்னேன். நான் ஓட்டல. தூக்கமா வந்துச்சு, அதான் அந்த ரூம் பையன் கையில சாவியைக் கொடுத்தேன். அவனுக்கு லைசென்ஸ் இல்ல, அது தெரிஞ்சுதான் கொடுத்தேன். அதையும் இங்க இருக்கிற வக்கீலை வெச்சு எழுதிக் கொடுத்திருக்கேன். அவன் பயந்து ஊருக்கு ஓடிட்டான், எங்க இருக்கான்னு தெரியல. அன்னிக்கு அவன் மாட்டிக்கக் கூடாதுன்னு போலீஸ்ல எதுவும் பேசாம இருந்துட்டேன்."

நான் அம்மாவிடம் திரும்பி மெதுவாகச் சொன்னேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, "நம்பினாங்களான்னு கேளு" என்றாள்.

"அம்மா கேக்கிறாங்க, அவங்க நம்பினாங்களான்னு."

"அதெல்லாம் இப்போ தெரியாது. சாட்சி எல்லாம் விசாரிக்கணும், மாசக்கணக்காகும்" என்றான். பிறகு கேட்டான்:

"நீங்க நம்புறீங்களாக்கா?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் அவன்தான் ஓட்டினான் என்று வைத்துக்கொண்டு, அப்படியே அவனுக்குச் சோறு போட்டு, அப்படியே அவன்மேல் பாசமாக இருந்துவிட்டேன். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைக்க மனசு வரவில்லை.

"ம்" என்றேன்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.